வலிய அணிக்கு மண்டலப் போட்டி எதற்கு?



சென்ற குளிர்காலத்தின் தொடக்கத்தில் ஒருநாள் மாலை, புனே நகரின் ஔந்த் பகுதியில் நான் குடியிருக்கும் வளாகத்தின் வாயிலில், நண்பர் ஒருவர் என்னை நிறுத்தினார். திருநெல்வேலிச் சீமைக்காரர். பக்கத்துப் பாஷாணில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிபவர். பதினெட்டு ஆண்டுகளாக இந்த ஊரிலேயே குடும்பத்தோடு வாழ்பவர். அவருடைய மூத்த மகன் இங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்றின் கூடைப்பந்து அணியில் ஆடுகிறான்.

"அண்ணாச்சி, நீங்கள் விளையாட்டு ஆசிரியராக இருந்தவர். ஒரு யோசனை சொல்லுங்கள்" என்று தொடங்கினார். மகன் வெளியூரில் நடைபெறும் மேற்கு மண்டலப் போட்டிக்குச் சென்றிருந்தான். அணி அன்று பகலில் கால் இறுதி ஆட்டத்தில் வென்றுவிட்டது. முதல் நான்கு அணிகளுள் ஒன்றாகிவிட்டபடியால் அகில இந்தியப் போட்டிக்கு இடமும் உறுதியாகிவிட்டது. ஆனால் அந்த ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் பையனுடைய கணுக்கால் பிசகிவிட்டது. எலும்பு முறியவில்லை, பத்து நாள் ஓய்வு வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். எஞ்சிய நான்கு அணிகளும் தமக்குள் ஒன்றோடொன்று ஆட வேண்டிய மூன்று ஆட்டங்களோ அடுத்தடுத்த மூன்று நாட்களில் இருந்தன.

"கட்டுப் போட்டுக்கொண்டு ஆடுகிறேன் என்கிறான் பையன். ஆடவே கூடாது என்கிறாள் அவன் தாயார். இடம்தான் கிடைத்துவிட்டதே, இனி இந்த மூன்று ஆட்டங்களும் எதற்கு என்று நான் கேட்டேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. நான் கேட்டதில் தவறு உண்டா?" என்றார் நண்பர்.

அவர் கேட்டதில் தவறு இல்லை. உலகில் விளையாட்டுப் போட்டிகளை நடத்துகிறவர்கள் பலரும் பல்லாண்டுகளாகத் தமக்குத் தாமே கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விதான் அது. பெரிய அரங்கில் இடம் உறுதியாகிவிட்ட ஒரு வலிய அணிக்கு, அதற்கு முன் நிற்கும் சிறிய அரங்கு என்ன பயனைத் தரும்? அதில் வெல்ல முயல்வது அறிவுடைமையா, அல்லது உடலைப் பாதுகாத்துக்கொண்டு ஒதுங்கி நிற்பதா? இக்கேள்வியைத்தான் இன்று நாம் சற்று விரிவாக ஆராயப் போகிறோம்.

கூடைப்பந்து 1891-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் பிறந்த ஆட்டம். அங்கிருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியின் ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், பனிக்காலத்தில் மாணவர்கள் கூரைக்கு அடியிலேயே ஆடுவதற்கென்று இதை வகுத்தார். அதே கல்லூரியில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவியவர். எனவே இந்த ஆட்டத்திற்கும் தமிழ்நாட்டிற்கும் உள்ள உறவு நேற்று வந்ததன்று. பக்கத்திற்கு ஐவர் ஆடும் இவ்வாட்டத்தில் நாற்பது நிமிடமும் ஓட்டம், தாவல், திடீரென்று நிற்றல், திரும்புதல் என்று கால்களுக்கு ஓயாத வேலை உண்டு. கணுக்காலும் முழங்காலும்தான் இவ்வாட்டக்காரனின் மூலதனம் என்று சொன்னால் அது மிகையாகாது.

இனி, நம் நாட்டுப் பல்கலைக்கழகப் போட்டிகளின் அமைப்பைப் பார்ப்போம். 1925-இல் பல்கலைக்கழகங்களிடை வாரியம் என்ற பெயரில் தோன்றி, இன்று இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் என்று வழங்கும் அமைப்பே இவற்றை நடத்துவிக்கிறது. நாட்டில் உள்ள பல்கலைக்கழகங்கள் எண்ணிறந்தவை. எல்லாவற்றையும் ஒரே ஊருக்கு அழைத்து ஆடச் செய்வது இயலாத காரியம். ஆகவே வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என நாட்டை நான்கு மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். சென்னை, கேரளம், கருநாடகம் ஆகிய பகுதிகளின் பல்கலைக்கழகங்கள் தெற்கு மண்டலத்தைச் சேர்ந்தவை. நம் ஔந்தை அடுத்து கணேஷ்கிண்டில் அமைந்துள்ள சாவித்ரிபாய் புலே புனே பல்கலைக்கழகமும், மகாராஷ்டிரம், குஜராத் ஆகியவற்றின் பிற பல்கலைக்கழகங்களும் மேற்கு மண்டலத்தைச் சேர்ந்தவை.

கூடைப்பந்தில் ஒவ்வொரு மண்டலத்திலும் முதலில் தோற்ற அணி வெளியேறும் முறையில் ஆட்டங்கள் நடைபெறும். நான்கு அணிகள் எஞ்சியதும், அவை ஒன்றோடொன்று ஆடி முதலிடம் முதல் நான்காம் இடம் வரை தீர்மானித்துக்கொள்ளும். அந்த நான்கும் அகில இந்தியப் போட்டிக்குச் செல்லும். நண்பரின் கேள்வி பிறந்த இடம் இதுதான். கால் இறுதி ஆட்டம் வரை தோல்வி என்றால் வீடு திரும்ப வேண்டியதுதான். அதற்குப் பின் தோற்றாலும் வாசல் திறந்தே இருக்கும். ஒரே போட்டிக்குள் இருவேறு உலகங்கள்!

ஆக, மண்டலப் போட்டியின் மதிப்பை அறிய வேண்டுமானால் முதலில் கேட்க வேண்டியது, அங்கிருந்து பெரிய அரங்குக்குச் செல்ல எத்தனை வாசல்கள் உள்ளன என்பதுதான். ஒரே வாசல் இருந்தால் மண்டலப் போட்டியே உயிர். பல வாசல்கள் இருந்தால் அதன் பொருள் வேறாகிவிடுகிறது. இதற்கு நாம் வாழும் இந்த மாநிலத்திலேயே ஒரு தெளிவான சான்று உண்டு.

கிரிக்கெட் ஆட்டத்தின் ரஞ்சிக் கோப்பையை எடுத்துக்கொள்வோம். 1957-58 முதல் அதில் ஒவ்வொரு மண்டலத்தின் அணிகளும் முதலில் தமக்குள் ஆடி வரிசை பெற்றன. அவற்றுள் முதலிடம் பெற்ற ஒரே அணிதான் அடுத்த கட்டத்திற்குச் செல்லும். மேற்கு மண்டலத்தில் அன்று பம்பாய் இருந்தது. 1958-59 முதல் 1972-73 வரை தொடர்ந்து பதினைந்து ஆண்டுகள் கோப்பையைக் கைவிடாத பம்பாய்! அப்படியானால் அதே மண்டலத்தில் இருந்த மகாராஷ்டிர அணியின் நிலையை எண்ணிப் பாருங்கள். வேறொரு மண்டலத்தில் பிறந்திருந்தால் முதலிடம் பெற்றிருக்கக்கூடிய அணி, 1958-59 முதல் 1969-70 வரை பன்னிரண்டு பருவங்கள் தன் மண்டலத்தின் எல்லைக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தது. அந்நாளில் மகாராஷ்டிரத்திற்குப் பம்பாயோடு ஆடும் ஆட்டமே இறுதி ஆட்டம்.

1970-71-இல் விதியை மாற்றினார்கள். ஒவ்வொரு மண்டலத்திலிருந்தும் முதல் இரண்டு அணிகள் செல்லலாம் என்றாயிற்று. விதி மாறிய அந்த முதல் ஆண்டிலேயே இறுதி ஆட்டத்தில் எதிரெதிரே நின்றவை எவை தெரியுமா? பம்பாயும் மகாராஷ்டிரமும்தான். வாடேகர், சர்தேசாய், காவஸ்கர், சோல்கர் முதலிய முன்னணி வீரர்கள் இந்திய அணியோடு மேற்கிந்தியத் தீவுகளில் இருந்தார்கள். சுதிர் நாயக் தலைமையில் எஞ்சியவர்களைக் கொண்டே ஆடிய பம்பாய் 48 ஓட்டங்களில் வென்றது. மகாராஷ்டிரம் தோற்றது உண்மைதான். ஆயினும் நாட்டின் மிகச் சிறந்த இரு அணிகள் ஒரே மண்டலத்தில் இருக்கக்கூடும் என்பதும், இரண்டாவது வாசல் திறக்கப்படாதிருந்தால் அவற்றுள் ஒன்றை நாடு கண்டிருக்காது என்பதும் அன்று மெய்ப்பிக்கப்பட்டன.

இதே வரலாறு, ஏறத்தாழ அதே காலத்தில், கூடைப்பந்தின் தாயகமான அமெரிக்காவிலும் நடந்தேறியது. அங்கே கல்லூரிக் கூடைப்பந்துக்கு உள்ள மதிப்பு நம் நாட்டில் கிரிக்கெட்டுக்கு உள்ளதைப் போன்றது. கல்லூரிகள் பல சேர்ந்து தத்தம் கூட்டமைப்புகளை அமைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றை அங்கே 'கான்ஃபரன்ஸ்' என்பார்கள். நம் மண்டலத்தைப் போன்றது என்று கொள்ளலாம். குளிர்காலம் முழுவதும் ஒரு கூட்டமைப்பின் அணிகள் தமக்குள் ஆடும். பருவத்தின் முடிவில், மார்ச்சு மாதத்தில், அக்கூட்டமைப்புக்கென்று சில நாள் போட்டி ஒன்று நடைபெறும். அதன் பின்னரே 1939-இல் தொடங்கப்பெற்ற தேசியப் போட்டி.

1974 வரை அங்கும் ஒரு கூட்டமைப்புக்கு ஒரே வாசல்தான். அந்த ஆண்டு அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டமைப்பின் இறுதி ஆட்டத்தில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மேரிலாந்துப் பல்கலைக்கழகமும் மோதின. இரண்டுமே நாட்டின் தலைசிறந்த அணிகளின் வரிசையில் முன்னிடங்களில் இருந்தவை. உரிய நேரத்தில் ஆட்டம் சமநிலையில் முடிந்தது. கூடுதல் நேரம் கொடுத்தார்கள். வட கரோலினா மாநில அணி 103 புள்ளிகள், மேரிலாந்து 100 புள்ளிகள். வென்ற அணி தேசியப் போட்டிக்குச் சென்று அங்கும் வாகை சூடியது. மூன்றே புள்ளிகளில் தோற்ற மேரிலாந்துக்குத் தேசியப் போட்டியில் இடமே இல்லை! அடுத்த ஆண்டே தேசியப் போட்டி 32 அணிகளாக விரிவுபெற்றது. ஒரு கூட்டமைப்பிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட அணிகளும் அழைக்கப்படலாம் என்ற வழியும் பிறந்தது. 1985-இல் 64 அணிகள், 2011-இல் 68 அணிகள் என்று வாசல்கள் மேலும் பெருகின.

வாசல்கள் பெருகியதும் நம் நண்பரின் கேள்வி அங்கே பெரிதாக எழுந்தது. பருவம் முழுதும் நன்றாக ஆடிய அணிக்குக் கூட்டமைப்புப் போட்டியில் முதல் நாளே தோற்றாலும் தேசிய அரங்கில் இடம் உண்டு. அப்படியிருக்க, அடுத்தடுத்த நாட்களில் மூன்று நான்கு ஆட்டங்கள் ஆடி வீரர்களைக் களைப்படையச் செய்வானேன் என்று பலர் கேட்கலாயினர்.

இதற்கு விடை காண, தேசிய வாகை சூடிய அணிகள் தத்தம் கூட்டமைப்புப் போட்டியில் என்ன செய்தன என்று பார்ப்பது ஒரு வழி. 2015 முதல் 2025 வரையுள்ள ஆண்டுகளை எடுத்துக்கொள்வோம். தொற்றுநோயின் காரணமாக 2020-இல் தேசியப் போட்டி நடைபெறவில்லை. எஞ்சிய பத்து ஆண்டுகளில் ஆடவர் பிரிவில் பத்து வாகையர். அவர்களுள் 2018-இல் வில்லனோவா, 2022-இல் கன்சாஸ், 2024-இல் கனெக்டிகட், 2025-இல் ஃபுளோரிடா ஆகிய நான்கு அணிகளே தம் கூட்டமைப்புப் போட்டியையும் வென்றவை. மற்ற ஆறும் அங்கே தோற்றுவிட்டு வந்து தேசத்தை வென்றவை.

இதைக் கேட்டதும், "பார்த்தீர்களா, சிறிய போட்டி தேவையே இல்லை" என்று சொல்லத் தோன்றும். அவசரப்படலாகாது. தோற்ற அந்த ஆறு அணிகளும் எங்கே தோற்றன? வில்லனோவா 2016-இல் இறுதி ஆட்டத்தில் தோற்றது. மற்ற ஐந்தும் அரை இறுதியில் தோற்றன. முதல் ஆட்டத்திலேயே தோற்று ஊர் திரும்பிய அணி அவற்றுள் ஒன்றுகூட இல்லை. எனவே, சிறிய அரங்கில் வென்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வலிய அணிக்கு இல்லை. ஆனால் அதை அலட்சியம் செய்த அணி பெரிய அரங்கில் வென்றதாகவும் இந்தப் பத்து ஆண்டுக் கணக்கு காட்டவில்லை.

மற்றொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதுதான் என் நண்பரின் மனைவி அஞ்சிய பக்கம். 2000-ஆம் ஆண்டு சின்சினாட்டிப் பல்கலைக்கழக அணி நாட்டிலேயே முதலாவதாக மதிக்கப்பட்டது. அதன் தூணாக விளங்கியவர் கென்யன் மார்ட்டின். கூட்டமைப்புப் போட்டியில் அவ்வணியின் முதல் ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களே ஆகியிருந்தன. மார்ட்டின் கீழே விழுந்தார்; கால் எலும்பு முறிந்தது. தூண் சாய்ந்த அணி அந்த ஆட்டத்திலும் தோற்றது, தேசியப் போட்டியின் இரண்டாம் சுற்றிலும் தோற்றது. தேசிய வாகை சூடும் என்று பலரும் எதிர்பார்த்த ஓர் அணியின் ஓராண்டு உழைப்பு, இடத்தை உறுதி செய்ய வேண்டிய தேவையே இல்லாத ஓர் ஆட்டத்தில் கரைந்து போயிற்று.

2018-இல் வர்ஜீனியா அணிக்கும் இத்தகைய இடர் நேர்ந்தது. கூட்டமைப்புப் போட்டியில் அது வாகை சூடியது. ஆனால் அப்போட்டியில் டிஆண்ட்ரே ஹண்டர் என்ற இளைஞரின் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. தேசியப் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே, வரிசையின் கடைசியில் வைக்கப்பட்டிருந்த மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாக அணியிடம் 54-க்கு 74 என்ற கணக்கில் வர்ஜீனியா தோற்றது. முதல் வரிசை அணி ஒன்று கடைசி வரிசை அணியிடம் தோற்றது ஆடவர் போட்டி வரலாற்றில் அதுவே முதல் முறை. மறு ஆண்டு அதே வர்ஜீனியா கூட்டமைப்புப் போட்டியின் அரை இறுதியில் தோற்றது. தேசியப் போட்டியை வென்றது. அந்த இறுதி ஆட்டத்தில் 27 புள்ளிகள் எடுத்தவர், முந்திய ஆண்டு கையில் கட்டுடன் உட்கார்ந்திருந்த அதே ஹண்டர்! ஓராண்டுப் பொறுமை வீண்போகவில்லை.

அப்படியானால் இச்சிறிய போட்டிகளை நிறுத்திவிடலாமே என்று கேட்பீர்கள். நிறுத்தலாகாது, ஏனெனில் அவை வலியவர்களுக்காக மட்டும் நடைபெறுவன அல்ல. கூட்டமைப்புப் போட்டியில் வெல்லும் அணிக்கு, அது பருவத்தில் எவ்வளவு பின்தங்கியிருந்தாலும், தேசிய அரங்கில் உரிமையோடு இடம் உண்டு. 1983-இல் வட கரோலினா மாநில அணி இந்த வாசல் வழியாக நுழைந்துதான் தேசிய வாகை சூடியது. 2011-இல் தன் கூட்டமைப்பில் ஒன்பதாம் இடத்தில் இருந்த கனெக்டிகட் அணி ஐந்து நாட்களில் ஐந்து ஆட்டங்களை வென்று, பின்னர்த் தேசத்தையும் வென்றது. 2024-இல் வட கரோலினா மாநில அணி, பத்தாம் இடத்திலிருந்து எழுந்து, அதேபோல ஐந்து நாட்களில் ஐந்து வெற்றி பெற்றுத் தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளுள் ஒன்றாயிற்று. பின்தங்கியவனுக்கு இன்னும் ஒரு முறை கதவைத் தட்டிப் பார்க்கும் உரிமையை அளிப்பது இப்போட்டி. அந்த உரிமை பொருளுடையதாக இருக்க வேண்டுமானால், எதிரே நிற்கும் வலிய அணி உண்மையாக ஆட வேண்டும். வலியவன் விளையாட்டாக ஆடினால் எளியவனின் வெற்றிக்கும் மதிப்பில்லை.

வலிய அணிக்கும் இதில் பயன் இல்லாமல் இல்லை. முதலாவது, மண்டலத்தில் பெறும் இடமே அடுத்த அரங்கில் அதன் மதிப்பைக் குறிக்கும். இரண்டாவது, தன் குறைகளை அறிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. தோற்றால் வெளியேற வேண்டிய ஆட்டத்தில் தெரியவரும் குறைக்கு மருந்து இல்லை. தோற்றாலும் மறுபடி ஆடக் கிடைக்கும் ஆட்டத்தில் தெரியவரும் குறையைத் திருத்திக்கொள்ளலாம். மூன்றாவது, ஐவர் ஆடும் அணியில் ஆறாமவனும் ஏழாமவனும் எப்படிப்பட்டவர்கள் என்பதை இங்கேதான் அறிய முடியும். பருவம் முழுதும் ஓரத்துப் பலகையில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு இது ஒரு பொன்னான வாய்ப்பு.

இங்கே ஒரு முக்கியமான வேறுபாட்டை வலியுறுத்த விரும்புகிறேன். ஒரு வீரனுக்கு ஓய்வு கொடுப்பது வேறு. ஓர் ஆட்டத்தை விட்டுக்கொடுப்பது வேறு. முன்னது அறிவுடைமை, பின்னது அறக்கேடு. 2012-இல் இலண்டன் ஒலிம்பிக் பந்தயங்களில் மகளிர் இரட்டையர் பூப்பந்துப் போட்டியில் என்ன நடந்தது என்பது பலருக்கு நினைவிருக்கும். முதற்கட்ட ஆட்டங்களில் தோற்றாலும் அடுத்த கட்டத்திற்குச் செல்லலாம் என்ற நிலை சில இணைகளுக்கு இருந்தது. தோற்றால் அடுத்து எளிய எதிரி கிடைப்பார் என்று கணக்கிட்டு, வேண்டுமென்றே பந்தை வலையில் அடித்தார்கள். காசு கொடுத்துப் பார்க்க வந்தவர்கள் கூச்சலிட்டார்கள். தென் கொரியாவின் இரண்டு இணைகளும், சீனாவின் ஓர் இணையும், இந்தோனேசியாவின் ஓர் இணையும், ஆக எட்டு வீராங்கனைகள், போட்டியிலிருந்தே விலக்கப்பட்டார்கள். எளிய வழி தேடியவர்களுக்கு எந்த வழியும் இல்லாமற் போயிற்று.

விட்டுக்கொடுத்த கதை இந்தப் புனே நகரிலும் ஒன்று உண்டு. 1948 டிசம்பரில், புனே கிளப் மைதானத்தில், ரஞ்சிக் கோப்பை ஆட்டத்தில் கத்தியவார் அணியை எதிர்த்து மகாராஷ்டிரத்தின் பாவுசாகேப் நிம்பால்கர் ஆடிக்கொண்டிருந்தார். ஆட்டமிழக்காமல் 443 ஓட்டங்கள் எடுத்துவிட்டார். அன்று உலகச் சாதனையாக இருந்தது, 1930-இல் டான் பிராட்மன் எடுத்த 452. இன்னும் ஒன்பதே ஓட்டங்கள் எடுத்தால் சமன். பத்து எடுத்தால் உலகிலேயே முதலிடம். அந்த வேளையில் கத்தியவார் அணியினர் இனி ஆடுவதில்லை என்று ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டார்கள். அவர்கள் தோற்கப்போவது உறுதியாக இருந்தது. ஆதலின் எஞ்சிய ஆட்டம் எதற்கு என்று எண்ணியிருக்கலாம். ஆனால் எஞ்சிய அந்தச் சிறு பொழுது தமக்குப் பயனற்றதாயினும் மற்றொருவருக்கு வாழ்நாள் செல்வமாக இருந்தது என்பதை அவர்கள் கருதவில்லை. பின்னர் ஒருநாளும் நிம்பால்கருக்கு அதிகாரபூர்வ டெஸ்ட் ஆட்டத்தில் இந்திய அணியில் இடம் கிடைக்கவில்லை. கத்தியவார் அன்று எத்தனை ஓட்டங்களில் பின்தங்கியிருந்தது என்பதை எவரும் நினைவில் வைத்திருக்கவில்லை. விட்டுக்கொடுத்ததை மட்டும் உலகம் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இவ்வளவையும் அன்று மாலை வாயிலில் நின்றபடியே நண்பரிடம் நான் சொல்லிவிடவில்லை. சுருக்கமாக இரண்டு வார்த்தைகள் சொன்னேன். "பையனை ஆட வேண்டாம் என்று சொல்லுங்கள், ஆனால் அந்த ஆட்டங்கள் வேண்டாதவை என்று மட்டும் சொல்லாதீர்கள். முதலாவது அவனுடைய காலைப் பற்றியது. அதை மருத்துவர் சொல்லிவிட்டார். இரண்டாவது அவனுடைய தோழர்களைப் பற்றியது. அவர்கள் நாளை உயிரைக் கொடுத்து ஆடப் போகிறார்கள். அதை வீண் வேலை என்று தகப்பனாரே சொன்னால் அவனுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?" என்றேன்.

நண்பர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு கைப்பேசியை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனார். அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்.

பையன் ஆடவில்லை. சீருடை அணிந்து பலகையில் உட்கார்ந்து, தோழர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தானாம். அவனுக்குப் பதிலாக முதலாண்டு மாணவன் ஒருவன் இறங்கினான். முதல் ஆட்டத்தில் அந்தச் சிறுவன் தடுமாறினான், அணி தோற்றது. அடுத்த இரண்டு ஆட்டங்களில் நிலைபெற்றான், அணி வென்றது. மண்டலத்தில் இரண்டாம் இடம். சில வாரங்களுக்குப் பின் அகில இந்தியப் போட்டிக்குப் புறப்பட்ட அணியில், கால் குணமான நம் பையனோடு, நம்பிக்கையோடு களமிறக்கத்தக்க ஆறாமவன் ஒருவனும் இருந்தான். முதலிடம் கிடைக்கவில்லையே என்ற வருத்தம் பையனுக்கு இன்னும் உண்டு. இருக்கட்டும், அந்த வருத்தம் இல்லாதவன் ஆட்டக்காரனாக முடியாது.

நேயர்களே, வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இம்மண்டல முறையில் தனிப்பட்ட ஒரு சுவையும் உண்டு. நண்பரின் மகனுக்கு மேற்கு மண்டலமே தன் மண்டலம். அவன் பிறந்து வளர்ந்தது இந்த ஊரில். அவன் தோழர்களோடு ஆடுகளத்தில் கூவி அழைப்பது மராத்தியில். மார்பில் அணிந்திருப்பது இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் பெயர். அவனுடைய அத்தை மகனோ சென்னையில் தெற்கு மண்டலத்துக்கு ஆடுகிறான். இருவரும் எதிரெதிரே நிற்க வேண்டுமானால், இருவருமே தத்தம் மண்டலத்தைக் கடந்து வந்தாக வேண்டும். அப்படி ஒருநாள் நேர்ந்தால் எந்தப் பக்கம் கை தட்டுவது என்று அவன் தாயார் இப்போதே கவலைப்படுகிறார்.

இந்தக் கவலைக்கும் பழைய முன்னுதாரணம் உண்டு. 1940-41 ரஞ்சிக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில், தெற்கிலிருந்து சென்னையும் மேற்கிலிருந்து மகாராஷ்டிரமும் வந்து சென்னையிலேயே மோதின. பேராசிரியர் தேவ்தரின் தலைமையில் மகாராஷ்டிரம் ஆறு விக்கெட்டுகளில் வென்றது. அந்நாளில் புனேயில் வாழ்ந்த தமிழர்கள் இனிப்பு வழங்கினார்களா, பெருமூச்சு விட்டார்களா என்பதை எந்த ஏடும் குறித்து வைக்கவில்லை. இரண்டும் செய்திருப்பார்கள் என்பதே என் எண்ணம்.

ஆகவே, வலிய அணிக்கு மண்டலப் போட்டி எதற்கு என்ற கேள்விக்கு என் விடை இதுதான். ஒரே வாசல் உள்ள இடத்தில் அதுவே எல்லாம். பல வாசல்கள் உள்ள இடத்தில் அதன் கோப்பை கட்டாயமன்று. அதன் ஆட்டம் கட்டாயம். நோயுற்ற காலுக்கு ஓய்வு கொடுங்கள். புதியவனுக்கு வாய்ப்புக் கொடுங்கள். எதிரிக்கு உண்மையான ஆட்டத்தைக் கொடுங்கள். எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம். விட்டுக்கொடுப்பது ஒன்றுதான் கூடாது.